பின்னமில்லாத எலும்பு

திருகோணமலையில் நான் போய் இறங்கியபோது கையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. டின்னுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு மனிதரின் வலது முன்கை எலும்பு. நிஜ எலும்பு இல்லை, பிளாஸ்டரில் எடுத்த வார்ப்பு. இந்த வித்தியாசத்தை ஊருக்குள் நுழைவதற்குள் மூன்று சோதனைச் சாவடிகளில் விளக்க வேண்டியிருந்தது. கடைசிச் சாவடியில் டின்னைத் திறந்த சிப்பாய் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு சிங்களத்தில் ஏதோ கேட்டான். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பள்ளிக்கூட வாத்தியார் மெதுவாகச் சொன்னார்: “இது ஆரின்ர எண்டு கேக்கிறான்.”

நியாயமான கேள்விதான். ஒரு வருஷத்துக்கு முன்பே அதற்குப் பதில் எழுதியாகிவிட்டது என்ற மிதப்பில் நான் இருந்தேன். “சுண்ணாம்பு, சுண்ணாம்பு” என்று சொல்லி டின்னை வாங்கிக்கொண்டேன்.

நான் அப்போது மதுரைப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில், உடற்கூறியல் பிரிவில் வேலை பார்த்தேன். மாணவர்கள் படிப்பதற்கு எலும்பு மாதிரிகள் வார்த்துக் கொடுப்பது என் வேலை. பதினெட்டு வருஷம் அதே வேலை. ஒரு வார்ப்பைக் கையில் எடுத்தால் எந்தப் பக்கம் காற்றுக் குமிழ் விட்டிருக்கிறது, எந்தப் பக்கம் அச்சு நகர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன் என்று பீற்றிக்கொள்வேன். அந்தத் தலைக்கனத்தின் கதைதான் இது.

திருகோணமலைப் பக்கத்துத் திரியாயைச் சேர்ந்த சிவலிங்கம் என்பவர் சண்டை தொடங்கிய புதிதில் மனைவியோடு மண்டபம் அகதி முகாமுக்கு வந்தவர். சுமை ஏற்றும் வேலை செய்தபோது லாரியிலிருந்து விழுந்து வலது முன்கை முறிந்தது. எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம். எலும்பு கூடியது, ஆனால் கூடிய இடத்தில் மூங்கில் கணு மாதிரி ஒரு மேடு தள்ளிக்கொண்டு நின்றுவிட்டது. மாணவர்களுக்குக் காட்ட நல்ல உதாரணம் என்று எங்கள் பேராசிரியர் அந்த எக்ஸ்ரே படத்தை எடுத்து வைத்துக்கொண்டார். புருஷனும் பெண்டாட்டியும் ஊர் திரும்பினார்கள். மறுபடி சண்டை மூண்ட நாளில் வயலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன சிவலிங்கம் வீடு திரும்பவில்லை.

பன்னிரண்டு வருஷம் கழித்து, சண்டை ஓய்ந்திருந்த நேரம். ஓய்ந்திருந்தது, முடியவில்லை. அங்கே ஒரு பாழுங்கிணற்றைத் தூர்வாரியபோது ஒரு ஆளின் எலும்புகள் வந்தன. சிவலிங்கத்தின் மனைவி தவமணிக்கு மதுரையில் எடுத்த எக்ஸ்ரே ஞாபகம் இருந்தது. நீதிமன்றம் எங்களுக்கு எழுதியது. அசல் படத்தைக் கல்லூரி வெளியே விடாது, நகல் எடுத்தால் தெளிவு போய்விடும், எலும்பையோ நாட்டை விட்டு அனுப்ப முடியாது. ஆகவே எலும்பை வார்ப்பெடுத்து எங்களுக்கு அனுப்பினார்கள்.

அந்த வார்ப்பைப் பார்த்து நான் அசந்துபோனேன். ஒரு குமிழ் இல்லை, ஒரு பிசிறு இல்லை, மேல்பரப்பு முழுக்க அப்படி ஒரு வழவழப்பு. நீளம் எக்ஸ்ரேயோடு ஒத்துப்போனது. மேடு மட்டும் இல்லை. வருஷங்கள் ஓடினால் அப்படிப்பட்ட மேடு கொஞ்சம் தேயும், அடையாளமே இல்லாமல் போகாது. ‘இந்த எலும்பு சிவலிங்கத்துடையது அல்ல’ என்று நான் எழுத, பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். வார்ப்பு மிகவும் நேர்த்தியானது என்று ஒரு பாராட்டு வரியை வேறு நான் சேர்த்திருந்தேன்.

ஒரு வருஷம் கழித்துப் புதிதாக வந்த நீதவான், வழக்கை மூடுவதற்கு முன் வார்ப்பையும் எலும்பையும் பக்கத்தில் வைத்து ஒருவர் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றார். பேராசிரியருக்கு நெஞ்சுவலி. நான் கிளம்பினேன். ஒரு கையெழுத்து, நாலு நாள் ஊர் சுற்றல் என்பதுதான் என் கணக்கு.

முதல் நாள் ஊர் சுற்றவும் செய்தேன். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு மாடு நிற்பது போல இங்கே புள்ளிமான்கள் நிற்கின்றன. கடைத்தெருவில் ஒன்று மட்டைப் பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது. விரட்டுவாரும் இல்லை, வியப்பாரும் இல்லை. துறைமுகத்துக்குள் கடல் குளம் மாதிரி கிடக்கிறது. அவ்வளவு அழகான தண்ணீரின் மேல் சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் காவலுக்கு நிற்பவர் கையசைத்து நகரச் சொல்கிறார். காலையில் எல்லோரும் பாண் தின்கிறார்கள், அதாவது ரொட்டி. எங்கள் பக்கம் காய்ச்சல்காரனுக்குத்தான் ரொட்டி கொடுப்போம், இங்கே கல்யாண மாப்பிள்ளைக்கும் அதுதான் போலிருக்கிறது. கூட வைக்கிற தேங்காய்ச் சம்பலின் காரத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

இரண்டாம் நாள் காலை, விடுதி வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவர் நவாஸ், கிண்ணியாக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கலாம். “சேர், தவமணி அக்கா உங்களைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவ” என்றார். தவமணி இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவர், அதைக் கடைகளில் கொண்டுபோய்ப் போடுவது நவாஸ் என்று போகிற வழியில் தெரிந்துகொண்டேன். நான் வந்த விஷயம் நீதிமன்றத்திலிருந்து அவருக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது.

தவமணிக்கு ஐம்பதை நெருங்கும் வயது. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், அதனால் அக்கா என்றே கூப்பிட்டேன். நெற்றியில் சின்னப் பொட்டு. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, “இருங்கோ தம்பி” என்றார். மஞ்சள் சொதியில் இடியப்பம் மிதந்தது. எங்கள் ஊரில் தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டுப் பலகாரமாகத் தின்பதை இங்கே சோறு மாதிரி பிசைந்து சாப்பிடுகிறார்கள். நான் பன்னிரண்டு இடியப்பம் சாப்பிட்டேன். எண்ணியது நான் இல்லை, நவாஸ்.

“உங்கட கடுதாசி வந்த நாளில இருந்து அந்தாளுக்குப் பேசிப் பேசித்தான் தம்பி நான் மாவு பிழியிறனான்” என்றார் தவமணி. “ஒரு நாள் விட்டதில்லை.”

காணாமல் போன புருஷன் கிணற்றுக்குள் கிடந்தவர் இல்லை என்று தெரிந்த பிறகு, தினமும் அவரோடு மனசுக்குள் பேசிக்கொண்டே வேலை செய்கிற ஒரு பெண். அந்த நிம்மதியை என் கை கொடுத்திருக்கிறது என்று நினைத்தேன். உள்ளபடி சொன்னால், சந்தோஷமாக இருந்தது.

“மண்டபத்தில பழைய ஆக்கள் ஆரும் இன்னும் இருக்கினமோ? நீங்கள் ஒருக்கா விசாரிச்சுச் சொல்ல ஏலுமோ, அந்தாள் அங்கால வந்தவரோ எண்டு?” என்று கேட்டார் தவமணி.

“கட்டாயம் விசாரிக்கிறேன்க்கா” என்று வாக்குக் கொடுத்தேன். சாப்பிட்ட கையைக்கூட இன்னும் கழுவவில்லை.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. சாவுக்குக் காரணம் பார்த்து நீதிமன்றத்துக்குச் சொல்கிற டாக்டரை அங்கே சட்ட வைத்திய அதிகாரி என்கிறார்கள். அந்தப் பதவியில் இருந்தவர் ஒரு இளம் சிங்களப் பெண், வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். நீதிமன்ற முத்திரை வைத்த பெட்டியை உடைத்து, துணியில் சுற்றிய எலும்பை எடுத்து மேஜையில் வைத்தார்.

அளவுகோலைப் போட்டேன். வார்ப்பு ஒரு மில்லிமீட்டர் நீளம். அது சரிதான், பிளாஸ்டர் இறுகும்போது ஒரு மயிரிழை விரியும். “அருமையான நகல்” என்று சொல்லிக்கொண்டே எலும்பின் நடுவில் பிடித்துத் தூக்கினேன். கட்டைவிரலில் ஏதோ தட்டியது.

மேடு.

பையிலிருந்து கண்ணாடித் தாளை எடுத்தேன். எக்ஸ்ரே உருவத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டும், அதைக் கழித்து நான் வரைந்து வைத்திருந்த கோட்டுப் படம் அது. எலும்பின் மேல் வைத்தேன். மேட்டின் மேல் மேடு அப்படியே உட்கார்ந்தது. தாளைத் திருப்பி, தள்ளி, மறுபடி வைத்தேன். மாறவில்லை.

“அப்படியானால் உங்கள் அறிக்கை?” என்று கேட்டார் டாக்டர்.

“தப்பு” என்றேன். “இது அவர்தான்.”

அவர் பழைய கோப்பைப் புரட்டினார். முன்பிருந்த டாக்டர் அந்த எலும்பைப் பற்றி எழுதியது ஒரே ஒரு வரி: ‘வார்ப்பு அனுப்பப்படுகிறது.’ நகல்தான் போகிறதே, அசலை எதற்கு விவரிக்க வேண்டும் என்று விட்டிருக்கிறார். நான் அசலைப் பார்க்காமல் நகலை நம்பினேன், அவர் நகலை நம்பி அசலை எழுதவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பெண்ணின் ஒரு வருஷம் போய்விட்டது.

வார்ப்பில் மேடு எப்படிக் காணாமல் போனது என்று சொல்லாவிட்டால் நீதவான் எதையும் ஏற்கமாட்டார் என்றார் டாக்டர். வார்ப்பெடுக்கத் தெரிந்தவர் ஆஸ்பத்திரியில் யாரும் இல்லாததால், கோயில் கோபுரத்துக்குச் சுதைச் சிலை செய்கிற குணரத்தினம் ஆசாரியாரைக் கூப்பிட்டுச் செய்வித்ததாகக் கோப்பில் இருந்தது. அவர் இப்போது கிண்ணியாவுக்கு அப்பால் ஒரு கோயிலில் வேலையாக இருந்தார்.

மூன்றாம் நாள் நவாஸின் ஆட்டோவிலேயே கிளம்பினேன். கிண்ணியாவுக்குப் போகும் வழியில் கடல் குறுக்கிடுகிறது. துறையில் நின்றவர் கையை விரித்தார். “பாதை பழுது. எப்ப வருமெண்டு சொல்ல ஏலாது.”

“பாதை எப்படிங்க வரும்?” என்று கேட்டேன்.

நவாஸ் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கரையில் வண்டிகளோடு நின்ற தட்டையான இரும்பு மிதவையைக் காட்டி, “அந்தா நிக்குது சேர், அதுதான் பாதை” என்றார். எங்கள் ஊரில் பாதை கிடக்கும், நாம் போவோம். இங்கே நாம் நிற்க வேண்டும், பாதை வரும். இரண்டு மணி நேரம் நின்றோம். நவாஸ் கச்சான் வாங்கி வந்தார். அது வேர்க்கடலை என்று வாயில் போட்ட பிறகுதான் தெரிந்தது.

ஒரே தமிழில் இத்தனை குழப்பமா என்று பேச்சு வளர்ந்தது. என் மனசு தவமணி வீட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. விஷயத்தை அவரிடம் சொல்ல வேண்டியவன் நான்தான். “தினமும் புருஷனோட பேசிக்கிட்டே வேலை செய்யுறாங்களே, அவங்ககிட்ட எப்படிப்பா இதைச் சொல்றது” என்றேன்.

நவாஸ் கச்சான் உடைப்பதை நிறுத்தினார். “சேர், அவருக்குப் பேசுறது எண்டுதானே அக்கா சொன்னவ? அவரோட கதைக்கிறது எண்டு சொல்லேல்லையே?”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“இல்லை சேர். எங்கட பக்கம் ஒராளுக்குப் பேசுறது எண்டால் ஏசுறது.”

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். “அது அவரில்லை எண்டு உங்கட கடுதாசி வந்திச்சு. அப்ப அக்கா என்ன நினைப்பா? மனிசன் எங்கேயோ உயிரோட இருக்கு, இந்தியாவுக்குத் திரும்பிப் போய் வேற குடும்பம் எடுத்திட்டுது, என்னைக் கைவிட்டிட்டுது எண்டுதான். விடிய எழும்பினால் அதே கதைதான் சேர். நாசமாப் போவான் எண்டு சொல்லிச் சொல்லித்தான் மாவு குழைக்கிறவ.”

“உயிரோட இருக்கார்னு நான் எழுதவே இல்லையே. இது அவர் எலும்பு இல்லைன்னுதான் எழுதினேன்.”

“ரெண்டும் ஒண்டுதானே சேர்” என்றார் நவாஸ். என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது. அதற்குப் பிறகு பாதை வந்ததும் நாங்கள் கடந்ததும் எனக்குச் சரியாக நினைவில்லை.

ஆசாரியார் சாரத்தின் மேல் நின்று ஒரு துவாரபாலகருக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து கை கழுவி, என் டின்னிலிருந்த வார்ப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “என்ர வேலை. வடிவா வந்ததெல்லோ?”

“ரொம்ப நல்லா வந்திருக்கு. எலும்பில ஒரு மேடு இருந்துச்சே, அது இதில இல்லையே?”

“ஓம், இருந்தது. வார்ப்பிலயும் அப்பிடியே வந்தது. நான்தான் அரத்தால ராவி விட்டனான்.”

“ஏங்க?” என்று கேட்டேன்.

“பின்னமான உருவை வேலைத்தலத்துக்கு வெளியில விடுற வழக்கம் எங்களிட்ட இல்லை. ஒரு விரல் உடைஞ்சிருந்தாலும் சிலையைக் கோயிலுக்குக் குடுக்க மாட்டம். இது கடவுளில்லைத்தான், மனிசன். ஆனால் செத்த மனிசனெல்லோ? ஊனத்தோட எப்பிடிக் கடல் கடந்து அனுப்புறது? அந்த ஆன்மாவுக்கு ஒரு மரியாதை இருக்குத்தானே.” சிறிது யோசித்துவிட்டு, “ஏன், பிழையோ?” என்று கேட்டார்.

கோபத்தோடுதான் போயிருந்தேன். அது போன இடம் தெரியவில்லை. முகம் தெரியாத ஒருவருக்கு அவர் செய்த மரியாதை அது. பாழுங்கிணற்றுக்குள் போட்டவர்கள் செய்யாத மரியாதை. வார்ப்பில் எந்த இடம் ராவியது என்று அவர் விரல் வைத்துக் காட்டினார். கூர்ந்து பார்த்தால் நுண்ணிய கோடுகள் தெரிந்தன. மதுரையிலேயே பார்த்தவைதான் அவை. மெருகு என்று பாராட்டியிருந்தேன்.

இதெல்லாம் நடந்து பல வருஷம் ஆகிறது. போன மாதம், நான் ஓய்வு பெற்ற கல்லூரிக்கு ஒரு வேலையாகப் போனேன். எலும்பைக் கணினியில் ஏற்றி, பிளாஸ்டிக் இழையை அடுக்கடுக்காகப் படிய வைத்து முப்பரிமாண நகல் எடுக்கிற இயந்திரம் வந்திருக்கிறது. அதை இயக்கும் பெண் பெருமையாகச் சொன்னாள்: “ஸ்கேன்ல இருக்கிற ஓட்டை, மேடு பள்ளம் எல்லாத்தையும் சாஃப்ட்வேரே சரிபண்ணிடும் சார்.” சரிபண்ணுவதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வைம்மா என்றேன். கிழவனுக்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைத்திருப்பாள்.

திருகோணமலையில் அந்த நான்காம் நாள், நீதிமன்றம். விறாந்தையில் ஒரு வாங்கில், அதாவது பெஞ்சில், தவமணி உட்கார்ந்திருந்தார். கை நகங்களில் மாவு காய்ந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன். மேடு இருக்கிறது அக்கா, வார்ப்பில் அதை ராவிவிட்டார்கள், நான் கவனிக்கவில்லை, அது அவர்தான்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “சரியாப் பாத்தீங்களோ?” என்றார்.

“பாத்தேன்க்கா.”

“போன வருசமும் அப்பிடித்தானே எழுதினீங்கள்.”

தலையைக் குனிந்துகொண்டேன். என் வேலையில் முதல் தடவையாக என் கைகளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் நீதவானிடம் அனுமதி கேட்டு, எலும்பைத் துணியோடு கொண்டுவந்து தவமணியின் மடியில் வைத்தார். தவமணி துணியைப் பிரிக்கவில்லை. துணிக்கு மேலாகவே கட்டைவிரலை வைத்து மெதுவாக உருவிக்கொண்டு வந்தார். அந்த இடத்தில் விரல் நின்றது. அளவுகோல் இல்லை, கண்ணாடித் தாள் இல்லை.

“மாரி மழைக்கு இதிலதான் உளையுது எண்டு சொல்லுவார்” என்றார். “நல்லெண்ணெய் சூடாக்கி நான்தான் உருவி விடுறனான்.” டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

நீதிமன்ற எழுதுவினைஞர் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். முந்தைய அறிக்கை தவறானது, வார்ப்பு இன்ன காரணத்தால் மாற்றப்பட்டிருந்தது, அசல் எலும்பு எக்ஸ்ரேயோடு பொருந்துகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏழெட்டு வரிதான் வந்தது. அதை அவர் தவமணிக்கு வாசித்துக் காட்டினார்.

கேட்டு முடித்த பிறகு தவமணி என்னிடம் கேட்டார், “பிழையா எழுதினதை இப்பிடித் திருத்தலாமோ தம்பி?”

“திருத்தலாம்க்கா. பிழைன்னு எழுதி, காரணம் காட்டி, கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“அப்ப அதுக்குக் கீழ இன்னொரு வரி எழுதுங்கோ. ஒரு வருசமா நான் அவருக்குப் பேசினது முழுக்கப் பிழை எண்டு எழுதுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன். மண்ணுக்க கிடந்த மனிசனையெல்லோ தம்பி நான் நாசமாப் போ எண்டனான்.”

எழுதுவினைஞர் என்னைப் பார்த்தார். அறிக்கையில் அதற்கெல்லாம் இடமில்லை அக்கா என்று நான்தான் சொன்னேன். அந்தத் தாளில் என் கையெழுத்துக்குக் கீழே முக்கால் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.